கிடங்கு காத்த கோட்டைகள்

கோட்டை என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம்மவர் நெஞ்சில் எழுவது செஞ்சி. அடுத்து எழுவது வேலூர். சற்று ஆங்கிலம் பயின்றவராயின் ஐரோப்பாவின் மலைமுடிகளில் நிற்கும் கோட்டைகளைப் படத்திற் கண்டு வியப்பர். கிரேக்க நாட்டில் நாஃப்பிளியோ என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அலை வந்து தொடும் கரையில் ஊர். ஊரின் தலைக்குமேல் 216 மீட்டர் உயரத்தில் பாலமிடி என்னும் மலைக்கோட்டை. அதற்கு ஏறும் படிகள் 999 என்பது அவ்வூரார் வழக்கு. அதனைக் காண உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். செல்லட்டும்; அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் நம் லூமுட் துறைக்கு எதிரே கிடக்கும் பங்கோர்த் தீவிலும் ஒரு கோட்டை நிற்கின்றது. அதற்கு வயது ஏறத்தாழ முந்நூற்றைம்பது. அதன்முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பும் நம் இளைஞர்களுள், அக்கோட்டையின் கதையில் தமிழனுக்கும் பங்குண்டு என்பதை அறிந்தவர் எத்தனை பேர்?

கோட்டையொன்றைக் காணச் செல்வோர், அதைக் கட்டியவன் யார் என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடுகின்றனர். அக்கேள்விக்கு வாயிலில் நட்டுள்ள பலகையே விடை சொல்லிவிடும். பகுத்தறிவுடையோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு மூன்று உள. இக்கோட்டை எப்பொருளைக் காத்தது? அப்பொருள் யாருடைய உழைப்பில் விளைந்தது? யாரிடமிருந்து அதனைக் காத்தது? இம்மூன்று கேள்விகளையும் துணையாகக் கொண்டு நம் மேற்குக் கரையிலுள்ள இரு கோட்டைகளைக் காண்போம். ஒன்று கரையில் நிற்பது. மற்றொன்று மலையில் நிற்பது.

லூமுட் துறையில் படகேறினால் அரைமணி அளவில் பங்கோரை அடையலாம். நெத்திலி உலரும் மணம் கரையேறுமுன்பே நம்மை எதிர்கொள்ளும். பங்கோர்ப் பட்டினத்திலிருந்து கரையை ஒட்டித் தெற்கே சென்றால் தெலுக் கெடோங் என்னும் சிற்றூர். தெலுக் என்பது மலாய்மொழியில் குடா. கெடோங் என்பது பண்டம் வைக்கும் கட்டடம். இச்சொல்லுக்கும் நம் தமிழ்க் ‘கிடங்கு’ என்னும் சொல்லுக்கும் உறவுண்டு என்பர் சொல்லாராய்ச்சி வல்லார். பழந்தமிழில் கிடங்கு என்பது கோட்டையைச் சூழ்ந்த அகழியையும் குறித்தது; பிற்காலத்தில் பண்டகசாலையைக் குறிப்பதாயிற்று. இக்கரையிலோ கோட்டையும் பண்டகசாலையும் ஒன்றாகவே நின்றன. ஊரின் பெயரே உண்மையைச் சொல்லிவிட்டது. இதனை எழுப்பியவர்கள் வீரத்துக்கு ஒரு கோட்டை எழுப்பவில்லை; கிடங்குக்கு ஒரு காவல் எழுப்பினர்.

பார்வைக்கும் அது கிடங்கே. கூரையிழந்த செங்கற் சுவர்கள். நீள் சதுரமான ஒரு கூடம். நம் தோட்டங்களில் ரப்பர்த் தாள் உலர்த்திய பழைய புகைவீட்டை நினைவூட்டும் தோற்றம். ஒல்லாந்தக் கம்பெனியார் 1670இல் இதனை முதலில் மரத்தால் அமைத்தனர். 1680இல் செங்கல்லால் கட்டினர். இன்று நாம் காணும் சுவர்கள் 1973இல் தேசியப் பொருட்காட்சிச் சாலையார் பழுதுபார்த்து நிறுத்தியவை.

உள்ளே காத்த பொருள் ஈயம். பேராக்கின் ஈயத்தை நாடி ஆசியக் கடல்களின் பல துறைகளிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1641இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பறித்த ஒல்லாந்தர், பேராக்கின் ஈயம் முழுவதும் தமக்கே விற்கப்பட வேண்டும், அதுவும் முன்னரே குறித்த விலைக்கு விற்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினர். பேராக் அப்போது அச்சே அரசின் மேலாட்சியில் இருந்தது. 1650இல் ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. மறு ஆண்டே, பேராக்கிலிருந்த ஒல்லாந்தர் பண்டகசாலை தாக்கப்பட்டு, அதிலிருந்தோர் கொல்லப்பட்டனர். எழுதி வாங்கிய ஒப்பந்தம் மக்களின் உடன்பாடு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆற்றுக்குள் இருப்பது ஆபத்து என்று கண்டபின்னரே, ஆற்று முகத்துக்கு வரும் கப்பல்களைத் தொலைவிலிருந்து மறிக்க ஏற்ற இடமென்று பங்கோர்த் தீவைத் தேர்ந்தனர்.

யாரிடமிருந்து காத்தனர்? கொள்ளைக்காரரிடமிருந்து என்று சிலர் விடை கூறுவர். கடற்கொள்ளை அக்காலத்தில் இருந்தது உண்மையே. ஆனால் கம்பெனியார் பெரிதும் அஞ்சியது கூடுதல் விலை கொடுப்பவனைக் கண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்து ஈயம் வாங்கிச் சென்ற சூலியா வணிகரும், அச்சேயினரும், ஆங்கிலேயரும் அவ்வாறு அஞ்சப்பட்டோர். மண்ணை அரித்து ஈயம் எடுத்தவனுக்கு நல்ல விலை கிடைத்துவிடாமல் காப்பதே இப்பீரங்கிகளின் முதல் வேலை. தோட்டக் கடையிலேயே அரிசி வாங்க வேண்டும், கடைக்காரன் சொல்வதே விலை என்ற ஏற்பாட்டின் கீழ் வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி நமது பங்குக்கு வருவோம். ஈயத்துக்கு ஒல்லாந்தர் கொடுத்தது என்ன? வெள்ளிக் காசு ஒரு பகுதி. மறு பகுதி துணி. அத்துணியில் மிகுதியும் வந்தது சோழமண்டலக் கரையிலிருந்து. 1610இல் பழவேற்காட்டிலே பண்டகசாலை அமைத்தனர். 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். சதுரங்கப்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் துணி கொண்டனர். நெசவாளனுக்கு முன்பணம் கொடுப்பது வழக்கம். முன்பணம் வாங்கியவன் தறியிலிருந்து எழ முடியாது. அவன் நெய்த துணி கப்பலேறி இக்கரைகளுக்கு வந்தது. அத்துணிக்கு ஈடாக மலாய்க்காரன் அரித்த ஈயம் கிடங்கில் ஏறியது. ஒருவன் முகத்தை மற்றவன் கண்டதில்லை. ஒருவன் மொழி மற்றவனுக்குத் தெரியாது. எனினும் இருவருடைய உழைப்பையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஒரே கை எழுதிற்று. இருவருக்கும் விலை குறித்ததும் அக்கையே.

துணி மட்டுமா வந்தது? 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சைச் சீமை சீரழிந்தபோது, பசியால் விற்கப்பட்ட மக்களை நாகையிலும் பழவேற்காட்டிலும் ஒல்லாந்தர் அடிமைகளாக விலைக்கு வாங்கினர். 8,000 முதல் 10,000 பேர் வரை அவ்வாறு வாங்கப்பட்டனர் என்பர் வரலாற்றாசிரியர். அவர்களிற் பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். ஆகவே, தமிழ் உழைப்பாளி இந்நாட்டுக்கு முதன்முதலில் வந்தது ரப்பருக்காகத்தான் என்று எண்ணுவது தவறு. ரப்பர் விதை இம்மண்ணைக் காணுமுன்பே, விலைபேசப்பட்ட பொருளாக அவன் மலாக்கா நீரிணையைக் கடந்துவிட்டான்.

இக்கோட்டையின் உள்ளத்தை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். 1689இல் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி இத்தீவுக்கு வந்து தான் கண்டவற்றை எழுதிவைத்தான். வீடு போன்ற வடிவில் சதுரமாய் நின்ற கோட்டை, பத்துப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட பீரங்கிகள், இருபது முப்பது சிப்பாய்கள். கடலருகே இருந்த ஒரு வீட்டில் ஒல்லாந்த அதிகாரி விருந்தளிக்கிறார். உணவுண்டு கொண்டிருக்கையில், மலாய்க்காரர் வருகின்றனர் என்று ஒரு சிப்பாய் கூவுகிறான். அதிகாரி ஒரு சொல்லும் சொல்லாமல் சன்னல் வழியே குதித்துக் கோட்டையை நோக்கி ஓடுகிறார். மற்றவரும் பின்னே ஓடுகின்றனர். பீரங்கி உண்டு, ஆணைப் பத்திரம் உண்டு, உலகிலேயே பெரிய வாணிகக் கம்பெனியின் கொடியும் உண்டு. ஆயினும் அமைதியாக ஒரு வேளை உணவு உண்ண முடியவில்லை. பிறர் உழைப்பைத் தான் குறித்த விலைக்குப் பறிப்பவனுக்குச் சுவர் எவ்வளவு கனமாயினும் உறக்கம் வராது.

மறு ஆண்டு, 1690இல், பங்ளிமா கூலுப் என்பவர் தலைமையில் மலாய்க்காரர் கோட்டையைத் தாக்கி அழித்தனர். 1743இல் ஒல்லாந்தர் திரும்ப வந்து கோட்டையைப் புதுக்கி 60 சிப்பாய்களைக் காவல் வைத்தனர். 1746இல் பேராக் சுல்தானோடு புதிய ஒப்பந்தம் செய்து, 1748இல் பங்கோரை விட்டுப் பேராக் ஆற்றங்கரைக்குப் போய்விட்டனர். அருகிலுள்ள பாறையொன்றில் புலி ஒரு குழந்தையைப் பற்றிய உருவமும் கம்பெனியின் முத்திரையும் செதுக்கப்பட்டுள்ளன. புலி கொண்டுபோன ஒல்லாந்தக் குழந்தையின் நினைவாகச் செதுக்கியது என்பது மக்கள் வழக்கு. அக்குழந்தைக்காக நாமும் இரங்குவோம். ஆனால் அதே காலத்தில் ஈயம் அரித்தவன் குழந்தைக்கும், தறியில் ஒடுங்கியவன் குழந்தைக்கும் எந்தப் பாறையில் எவர் என்ன செதுக்கினர்?

ஒல்லாந்தர் போயினும் ஈயத்தின்மேல் வைத்த கண் போகவில்லை. 1874 ஜனவரி 20இல் இதே தீவின் கடலில் நங்கூரமிட்ட கப்பலொன்றில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. லாருட்டின் ஈய லம்பங்களில் மூண்ட சண்டைகளே அதற்கு வழி திறந்தன. அதன்படி பேராக் ஆங்கிலேய ஆலோசகரை ஏற்றது. லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போய், 1935இல்தான் பேராக்குக்குத் திரும்பியது.

கரைக் கோட்டையைக் கண்டோம். இனி மலைக் கோட்டைக்குச் செல்வோம். லூமுட்டிலிருந்து சித்தியவான், தெலுக் இந்தான், சபாக் பெர்ணம் வழியே தெற்கே இறங்கி, செகிஞ்சான் நெல்வயல்களைக் கடந்தால் கோலசிலாங்கூர். ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் ஊர். ஊருக்கு மேலே புக்கிட் மலாவத்தி என்னும் குன்று. பாலமிடியின் உயரம் அதற்கு இல்லை. ஆனால் சமனான இக்கரையில் அச்சிறு குன்றே பெருமலை. மேலேறி நின்றால் ஆற்று முகமும் அலையாத்திக் காடும் நீரிணையும் ஒருங்கே கண்ணில் படுகின்றன. வருகின்ற ஒவ்வொரு பாய்மரத்தையும் எண்ணக்கூடிய இடம். பழைய பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி கிடக்கின்றன. மரங்களில் சாம்பல் நிறக் குரங்குகள் குட்டிகளோடு விளையாடுகின்றன. 1907இல் ஆங்கிலேயர் கட்டிய கலங்கரை விளக்கம் நடுவே நிற்கின்றது. சிலாங்கூரின் முதல் சுல்தான்களின் அடக்கத்தலமும் அங்கேயே உள்ளது.

1766இல் பேராக் சுல்தானின் ஒப்புதலோடு முடிசூடிய சிலாங்கூர்ப் பூகிஸ் அரச மரபினர்க்கு இக்குன்றே அரண். 1784இல் ரியாவின் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது சிலாங்கூர்ச் சுல்தான் இப்ராகிம் அவர் பக்கம் நின்றார். ராஜா ஹாஜி போரில் வீழ்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒல்லாந்தக் கப்பற்படை கோலசிலாங்கூரைக் கைப்பற்றிக் கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று தங்கள் கவர்னர் ஜெனரலின் பெயரைச் சூட்டியது. சுல்தான் காட்டு வழியே பகாங்குக்குச் சென்று படைதிரட்டி, 1785 ஜூன் மாத இறுதியில் இரவோடு இரவாகக் குன்றின்மேல் பாய்ந்தார். காவற்படை பீரங்கிகளை விட்டுவிட்டுக் கப்பலேறி ஓடிற்று. ஓராண்டுகூட நிலையாத பெயர் ஆல்டிங்ஸ்பர்க்!

இவ்வளவோடு கதையை முடித்துக் கைதட்டுவோர் பலர். முடிவு அதுவன்று. மலையை இழந்தவன் கடலை இழக்கவில்லை. ஒல்லாந்தர் ஆற்று முகத்தைக் கப்பல்களால் அடைத்தனர். உள்ளே போவதும் வெளியே வருவதும் நின்றன. 1786இல் சுல்தான் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. குன்றைப் பிடிப்பது ஒரு வீர இரவின் வேலை. விலை குறிக்கும் உரிமையைப் பிடிப்பதே நாட்டின் விடுதலை. முன்னது கிடைத்தும் பின்னது கிடைக்கவில்லை. அன்றியும், மலைமேல் இருந்த அரசர் தம் மண்ணைக் காத்தார் என்பது மெய்யே. ஆற்றில் இறங்கும் ஈயத்துக்கு வரி கொண்டு வாழ்ந்தார் என்பதும் மெய்யே. கல் சுமந்தவன் பெயர் கரைக் கோட்டையிலும் இல்லை. மலைக் கோட்டையிலும் இல்லை.

கிரேக்கரின் பாலமிடியும் இதையே கற்பிக்கின்றது. அதனை 1711 முதல் 1714 வரை கட்டியவர் வெனிஸ் நகர வணிகக் குடியரசினர். கட்டி முடித்த மறு ஆண்டே துருக்கியர் பறித்துக்கொண்டனர். 1821இல் கிளர்ந்தெழுந்த கிரேக்கர் 1822இன் இறுதியில் ஓர் இரவில் மதிலேறி அதனைத் தமதாக்கினர். நாஃப்பிளியோ விடுதலை பெற்ற நாட்டின் முதல் தலைநகரங்களுள் ஒன்றாகி, 1834 வரை அவ்வாறு இருந்தது. ஆனால் அந்த 1834லேயே, விடுதலைப் போரின் பெருந்தலைவரான கொலொகொட்ரோனிஸைப் புதிய அரசு நாஃப்பிளியோவிலேயே சிறைவைத்தது. அவர் அடைபட்ட இடம் பாலமிடி என்று இன்றும் காட்டுகின்றனர். மதில் யாருக்கும் உறவன்று. சாவியை வைத்திருப்பவனுக்கே அது ஊழியம் செய்யும். ஆதலின் கோட்டை நம்முடையதா என்று கேட்பதைவிட, சாவி யார் கையில் என்று கேட்பது மேலான கேள்வி.

நம்மவர் மேடைகளில் 1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் கடாரம் கொண்ட பெருமை முழங்காத நாளில்லை. கடாரம் இன்றைய கெடா, அது வரலாறு, மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் கேட்கிறோம்: அக்கப்பல்களில் துடுப்பு வலித்தவன் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியுமா? மன்னன் வென்ற ஊரின் பெயரைக் கல்வெட்டு பாடுகின்றது. அவ்வூரில் வெட்டுண்டவனைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. பிறர் நம்மை வென்றால் கொடுமை, நாம் பிறரை வென்றால் பெருமை என்பது நேர்மையான மனத்தின் வழக்கன்று. மலாய் நண்பரோடு ஒரே மேசையில் அமர்ந்து தேநீர் அருந்தும் நமக்கு, அவர் ஊரை என் மன்னன் எரித்தான் என்று சொல்வதைவிட, உன் பாட்டன் அரித்த ஈயமும் என் பாட்டன் நெய்த துணியும் ஒரே கிடங்கில் கிடந்தன என்று சொல்வது அழகு. உண்மைக்கும் அதுவே நெருக்கம்.

அக்கிடங்கு ஒல்லாந்தரோடு முடிந்துவிடவில்லை. ஈயத்தின் இடத்தில் ரப்பர் வந்தது. முன்பணம் கொடுத்தவன் இடத்தில் கங்காணி வந்தான். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938இல் இந்திய அரசின் தடையால் நின்றது. அதற்கிடையே வந்த நம் முன்னோர் காட்டை அழித்தனர், பால்மரம் வைத்தனர், விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர், கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாயினர். பால் எடுத்தவன் விலை குறிக்கவில்லை. விலை குறித்தவன் மரத்தைத் தொட்டதில்லை. கம்பெனி என்ற சொல்லையேனும் மாற்றினார்களா? அதுவும் இல்லை.

இன்று அத்தோட்டங்களுட் பல துண்டாடப்பட்டுவிட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கின்றது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்பு எழுகின்றது. லயங்கள் இடிபடுகின்றன. தோட்டத்துப் பள்ளி வேறிடம் பெயர்கின்றது. இடுகாட்டில் புல் மூடுகின்றது. சில பத்தாண்டுகளே தங்கிய ஒல்லாந்தக் காவற்படைக்கு ஒரு செங்கற் சுவரேனும் நினைவாய் நிற்கின்றது; அதனைப் பழுதுபார்க்க அரசும் முன்வந்தது. நல்லதே. தலைமுறை தலைமுறையாக உழைத்த மக்களுக்கு ஒரு லயத்தின் ஒரு சுவரேனும் நிற்க வேண்டாமா? இதற்கு அரசை மட்டும் நொந்து பயனில்லை. நம் கோயில் நிருவாகங்கள் கோபுரத்துக்கு வண்ணம் பூசத் திரட்டும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கினால் போதும். கடவுளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

செய்யவேண்டியவை கடினமானவையும் அல்ல. பேர் பதிவு ஏடுகளும் சம்பளப் புத்தகங்களும் பல தோட்ட அலுவலகங்களில் கறையானுக்கு இரையாகின்றன. அவற்றை எழுதியவர்கள் கிராணிமார்களாகிய நாமே. அவற்றைக் காக்கும் கடமையும் நமக்கே முதலில் உண்டு. தோட்டம் கைமாறும் நாளில் அவ்வேடுகளைக் குப்பையில் எறியாமல், உரியவர் இசைவு பெற்றுப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ சேர்ப்பிக்க வேண்டும். இடுகாட்டுக் கற்களில் உள்ள பெயர்களை இளைஞர் மன்றங்கள் படியெடுக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் மாணவரைப் பங்கோருக்கு அழைத்துச் சென்றால், கடலில் குளிக்குமுன் தெலுக் கெடோங்கில் கால்மணி நேரம் நிறுத்தி, மேலே கூறிய மூன்று கேள்விகளையும் அவர்களையே கேட்கச் சொல்ல வேண்டும்.

எப்பொருளைக் காத்தது, யாருடைய உழைப்பு, யாரிடமிருந்து என்று கேட்கக் கற்ற பிள்ளை பழைய கோட்டையோடு நிற்கமாட்டான். தன் காலத்துக் கிடங்குகளின் வாயிலிலும் நின்று அவற்றைக் கேட்பான். தன் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்பான். அவ்வாறு கேட்கும் ஒரு தலைமுறை எழுந்துவிட்டால், விலை குறிக்கும் கை ஒருவனுடையதாகவே என்றும் இருந்துவிடாது. வரலாறு படிப்பதால் உழைப்பவனுக்கு என்ன பயன் என்று கேட்போர்க்கு நாம் கூறும் விடை இதுவே.